தெஹிவளை கராஜுக்கு ஒரு தச்சு வாங்கு (வேலை பெஞ்ச்): எந்த மரம், எந்த வடிவம்?

#1 கடலோர வாள்

வணக்கம். தெஹிவளையில வாடகை வீடு. பின்பக்கத்தில ஒரு கராஜ் இருக்கு, 9 அடிக்கு 16 அடி. கார் இல்லாதபடியால் அது இப்ப தச்சு வேலைக்கு. பழைய சாப்பாட்டு மேசையில வைச்சுத்தான் இவ்வளவு நாளும் வேலை. சீவுளியைத் தள்ளினால் பலகையோட மேசையும் சுவர் மட்டும் போகுது. இனி ஒழுங்கான வாங்கு ஒண்டு செய்யாமல் ஏலாது.

யூடியூப்பில எங்க பார்த்தாலும் ரூபோ வாங்குதான். 4 அங்குல மேல்பலகை, 5 அங்குலக் கால், பீச், மேப்பிள், ஓக். இங்க உந்த மரமெல்லாம் எங்க போய்த் தேடுறது? எந்த மரம் எடுக்கலாம், மேல்பலகை உண்மையா அவ்வளவு தடிப்பா வேணுமோ, பலகையை இறுக்கிப் பிடிக்கிற வைஸ் இரும்பில வாங்கிறதோ மரத்தில செய்யிறதோ? 5 ஆம் நம்பர் சீவுளி, கொஞ்ச உளி, கைவாள், ஒரு சேர்க்கியூலர் வாள் இருக்கு. சீவுற மெஷின் இல்லை. வீட்டுக்காரர் எப்ப எழும்பச் சொல்லுவார் எண்டும் தெரியாது, அதையும் யோசிச்சுச் சொல்லுங்கோ.

#2 மரத்தூள்

தம்பி, மரத்தைப் பிறகு பாப்பம். முதல்ல பிடியைப் பாருங்கோ. ஒரு பலகைக்கு முகம் இருக்கு, விளிம்பு இருக்கு, அந்தம் இருக்கு. இந்த மூண்டிலயும் வேலை செய்யேக்க பலகையை ஆடாமல் பிடிச்சுத் தந்தால் அது வாங்கு. தராட்டில் அது மேசை, நாலு அங்குலத் தடிப்பில செய்தாலும் மேசைதான்.

முகம் சீவ ஒரு முட்டுக்கட்டை காணும். மேல்பலகையின்ர இடது அந்தத்தில 2 அங்குலச் சதுரத் துளை, அதுக்குள்ள இறுக்கமா ஓடுற வைரக் கட்டை. கீழ இருந்து தட்டினால் ஏறும், மேல இருந்து தட்டினால் இறங்கும். பலகையை அதில முட்டவிட்டுச் சீவுறதுக்கு வேற ஒண்டும் தேவையில்லை. விளிம்பு சீவ முன் காலில வைஸ். அதைவிட முக்கியம், முன் கால் இரண்டும், கீழ்ச்சட்டமும், மேல்பலகையின்ர முன் விளிம்பும் ஒரே தளத்தில நிக்க வேணும். சாப்பாட்டு மேசையில மேல்பலகை வெளியில நீட்டிக்கொண்டு நிக்கும், கால் உள்ளுக்கு இருக்கும். அதில நீளக் கதவொண்டை நிறுத்தி விளிம்பு சீவ ஏலாது. வாங்கில ஏலும், ஏனெண்டால் கதவின்ர கீழ்ப்பாதி வலது காலில சாய்ஞ்சு நிக்கும்.

ரூபோ எண்டவர் 18 ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் தச்சர். அவர் சொன்ன மேல்பலகை 5, 6 அங்குலம், ஒரே பலகை, எல்ம் அல்லது பீச். அந்தக் காலத்தில அங்க அப்பிடிப் பலகை கிடைச்சது. உங்களுக்கு அது விதியில்லை. பாரம் வேணும், விறைப்பு வேணும், அதுக்கு 3 அங்குலம் காணும். வாங்கு அம்மி மாதிரிக் கிடக்க வேணும், நீங்கள் தள்ளத் தள்ள அது பேசாமல் கிடக்க வேணும்.

உயரம்: சப்பாத்தோட நேரா நிண்டு கையைத் தொங்கவிடுங்கோ. மணிக்கட்டு மடிப்புக்கும் சின்னி விரல் அடி மூட்டுக்கும் இடையில எங்கயாவது. 5 அடி 6 அங்குல ஆளுக்கு 30 இலிருந்து 33 அங்குலத்துக்குள்ள வரும். சமையலறை மேடை உயரத்தில செய்தால் சீவேக்க தோள் மட்டும்தான் வேலை செய்யும், இடுப்பும் காலும் சும்மா நிக்கும்.

அகலம் 22 இலிருந்து 24. அதுக்கு மேல போனால் மற்றப் பக்கம் கை எட்டாது, சாமான் குவிக்கத்தான் உதவும்.

#3 கொட்டாஞ்சேனைக்காரன்

தப்பா நினைக்காதீங்க. எங்க அப்பா வாழ்நாள் பூரா தச்சு வேலைதான். இப்பிடி ஒரு வாங்குல அவர் வேலை செஞ்சதே இல்ல. தரையில சாக்க விரிச்சு உக்காந்து, கட்டைய ரெண்டு காலாலயும் புடிச்சுக்கிட்டு, வாய்ச்சியால செதுக்குவாரு. கதவு, நிலை, அலுமாரி எல்லாமே அப்பிடித்தான். தேர்ச் சிற்பம் செய்றவங்களும் தரையிலதான் உக்காந்து செய்றாங்க. வெள்ளக்காரன் மேசைக்கு ஏன் இவ்வளவு செலவும் கணக்கும்?

#4 மட்டப்பலகை

கொட்டாஞ்சேனைக்காரன் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அதை வெள்ளைக்காரன், நம்மவன் என்று பிரிப்பதைவிட, எந்தக் கருவி உடலின் எந்தப் பகுதியைக் கேட்கிறது என்று பார்த்தால் தெளிவாகும். வாய்ச்சியும் உளியும் வெட்டுகிற இடத்தைக் கண்ணுக்கு அருகில் கேட்கின்றன, ஆகவே தரையில் உட்கார்ந்து செய்வது வசதி. யப்பானியத் தச்சர் சீவுளியைத் தள்ளாமல் தம் பக்கம் இழுக்கிறார்கள். அவர்களும் தரையிலோ தாழ்ந்த கட்டையிலோ வேலை செய்கிறார்கள். இரும்புச் சீவுளியைத் தள்ளி 6 அடிப் பலகையை நேராக்குவது வேறு வேலை. அங்கே உடம்பு முழுவதும் நடந்து முன்னே போக வேண்டும்.

ஐரோப்பாவிலும் எல்லாக் காலமும் இந்த உயரம் இருக்கவில்லை. ரோமர் காலத்தில் ஏறி உட்கார்ந்து வேலை செய்யக்கூடிய தாழ்ந்த வாங்கும் இருந்தது. கி.பி. 79 இல் வெசூவியஸ் எரிமலையால் மூடுண்ட ஹெர்குலேனியம் நகரச் சுவரோவியம் ஒன்றில் தச்சு வாங்கும், அதில் மரத்தை அழுத்திப் பிடிக்கும் கொக்கி இரும்பும் வரையப்பட்டிருக்கின்றன. ஹோல்ட்ஃபாஸ்ட் என்று இன்றைக்கு விற்கிறார்களே, அதேதான்.

#5 கொட்டாஞ்சேனைக்காரன்

ஹோல்ட்ஃபாஸ்ட் அப்பாவுக்குப் புடிக்கும்னு நினைக்கிறேன். முட்டி வலி வந்ததுல இருந்து தரையில உக்கார முடியல அவருக்கு. சரி, மரத்தப் பத்திப் பேசுங்க, கேக்குறேன்.

#6 மொறட்டுவ மில்

மரத்துக்கு நான் வாறேங்க. மில்லுல வாள்பட்டியில நிக்கிறவன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுவேன்.

தேக்கு வேணாம். நல்ல மரம்தான், அசையாது, கறையானும் லேசுல தொடாது. ஆனா உள்ளுக்குள்ள சிலிக்கா இருக்கு, உளி வாய், சீவுளி வாய் ரெண்டும் சீக்கிரம் மழுங்கும். எண்ணெய்த்தன்மை இருக்கறதால ஒட்ட முந்தி தின்னர் போட்டுத் துடைக்கணும். எல்லாத்துக்கும் மேல, அந்தக் காசுக்கு ரெண்டு கதிரை செஞ்சுக்கலாம். தேக்குல வாங்கு செய்றது வீம்பு.

முதிரை பார்க்க அவ்வளவு வடிவு. பிரின்ஸ் வீதி ஒல்லாந்தர் நூதனசாலைக்குப் போனீங்கன்னா பழைய காலத்துத் தளபாடத்துல முதிரையும் கருங்காலியும் என்ன வேலை செஞ்சிருக்குன்னு தெரியும். வாங்குக்கு வேணாம். தூள் பட்டா சில பேருக்குத் தோல் அரிச்சுத் தடிச்சுடும். கனமீட்டருக்கு 950 கிலோ பக்கம் வரும், நீங்க தனியாத் தூக்க மாட்டீங்க. பாலை அதைவிட மோசம், தண்ணில போட்டா பெரும்பாலும் தாழ்ந்துடும். ஆனா ஒரு துண்டு பாலையோ முதிரையோ வாங்கி வைங்க. முட்டுக்கட்டை, ஆப்பு, மர ஆணி எல்லாம் அதுல செய்யலாம்.

பலா எனக்குப் புடிச்ச மரம். மிருதங்கமும் தவிலும் கடையிற மரம். வெட்டும்போது மஞ்சளா இருந்து வெளிச்சத்துல பழுப்பாகும், கறையானுக்கும் நல்லா நிக்கும். ஆனா பலா, ஈரப்பலா, பெண் பனை மூணையும் வெட்டறதுக்கு 1951 ஆம் வருஷத்து 9 ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதி வேணும். அதனால பக்கத்து வளவுல விழுந்த மரம், மலிவாத் தாறேன்னு யாராச்சும் சொன்னா கடுதாசி இருக்கான்னு கேளுங்க. மரக் கூட்டுத்தாபன டிப்போவுலயோ பில் போடுற ஆலையிலயோ வாங்கினா அந்தத் தலையிடி இல்ல.

மாரா மரத்துல 2 அடி, 3 அடி அகலத்துல பலகை வரும். ரூபோ மாதிரி ஒரே பலகையில செய்யலாம்னு ஆசை வரும். அந்த ஆசையை விடுங்க. நார் ஒரு வரி இந்தப் பக்கம், ஒரு வரி அந்தப் பக்கம் ஓடும், சீவினா பிய்யும். அதோட 4 அங்குலப் பலகை உள்வரைக்கும் காயறதுக்கு வருஷக்கணக்கு. அங்குலத்துக்கு ஒரு வருஷம்ங்கறது பழைய கணக்கு, நம்ம மழையில அதுவும் போதாது. மேல காய்ஞ்ச மாதிரி இருக்கும், உள்ளுக்குள்ள பச்சையா இருக்கும், வாங்கு செஞ்சு முடிச்ச பெறகு முறுக்கும்.

தென்னை, பக்கத்துல இரும்பு, நடுவுல சோறு. வேணாம்.

என் கை ரப்பருக்குத்தான். களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கம் தோட்டத்துல 25, 30 வருஷம் பால் வெட்டின பெறகு மரத்தை மாத்துவாங்க, அந்த மரம்தான் ஆலைக்கு வருது. கனமீட்டருக்கு 600 இல் இருந்து 650 கிலோ, அதாவது தேக்கு அளவுக்குப் பாரம். நார் ஓரளவு நேர், ஒட்டும், சீவும், வாயை மழுக்காது. வெலையும் கையக் கடிக்காது.

#7 கடலோர வாள்

ரப்பர் உளுத்துப் போகும் எண்டு எல்லாரும் பயமுறுத்துகினம் அண்ணை. மாமா வீட்டில ரப்பர் பலகை அலுமாரிக்குக் கீழ மாவு மாவாக் கொட்டுது.

#8 மொறட்டுவ மில்

மருந்து ஏத்தாத ரப்பர் கட்டாயம் உளுக்கும். அதுல வைரம்னு சொல்ற மாதிரி எதுவும் இல்ல, மாவுச்சத்து நெறைய, வண்டுக்கு விருந்து. அறுத்த ஒரு சில நாள்லயே நீலம் பாய்ஞ்சுடும். அதனால அறுத்த கையோட போரோன் கலவையில அமுக்கத்துல ஏத்தி, சூளையில காய வைக்கணும். அப்பிடிச் செஞ்ச பலகையா பாத்து வாங்குங்க. ஆலையில நேரா கேளுங்க: ஏத்தினதா, மேல பூசினதா? பூசினது சீவினதும் போயிரும். பலகையில ஊசித் துளையும் அதுக்குப் பக்கத்துல மெல்லிய மாவும் இருந்தா அந்த அட்டியையே தொடாதீங்க.

ஒண்ணு மட்டும்: போரோன் தண்ணில கரையும். கராஜ் கூரை ஒழுகினா, மழைச் சாரல் அடிச்சா, மருந்து மெல்ல மெல்ல வெளிய வந்துடும். கால் நாலுக்கும் அடியில பாலைத் துண்டோ தடிச்ச ரப்பர் பாயோ வைங்க. சீமெந்துத் தரை ஈரத்தக் கால் வழியாக் குடிக்க விடாதீங்க, கறையானுக்கும் அதுதான் வாசல்.

காசு இறுக்கமா இருந்தா துறைமுகத்துல இருந்து சாமான் அடுக்கி வர்ற பெலட் தட்டுப் பைன் இருக்கு. முத்திரையப் பாருங்க. எச்.டி. ன்னு இருந்தா சூட்டுல பதப்படுத்தினது, எடுக்கலாம். எம்.பி. ன்னு இருந்தா மெத்தில் புரோமைட் புகை போட்டது, விட்டுடுங்க. முத்திரையே இல்லைன்னா அதையும் விட்டுடுங்க.

#9 மட்டப்பலகை

ஈரத்தைப் பற்றி ஒரு கணக்கு. வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாமே, மரம் காய்ந்து சுருங்கும் என்ற பயத்தில் எழுதப்பட்டவை. குளிர்காலத்தில் அவர்கள் வீட்டுக்குள் சூடேற்றுகிறார்கள், காற்று வறள்கிறது. கொழும்பில் நிலைமை தலைகீழ். காற்றின் சார்பு ஈரப்பதன் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அந்தக் காற்றில் கிடக்கும் மரம் 15, 16 சதவீத ஈரத்தில் நிலைபெறும். சூளையிலிருந்து வரும் ரப்பர் பலகையோ 8 முதல் 12 சதவீதம். ஆக, நீங்கள் வாங்கி வந்த பலகை தெஹிவளையில் சுருங்காது, ஊதும். 24 அங்குல அகலத்தில் 4 சதவீத ஈரம் கூடினால் 4 முதல் 6 மில்லிமீற்றர் வரை விரியலாம்.

பலகையைக் கொண்டுவந்த அன்றே ஒட்டத் தொடங்காதீர்கள். குறுக்கே சட்டம் வைத்து அடுக்கி, காற்றோட விட்டு, கராஜிலேயே சில வாரம் வையுங்கள். வெட்டின கழிவிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து நிறுத்து, அடுப்பில் 103 பாகை செல்சியஸில் எடை குறையாமல் நிற்கும் வரை காய வைத்து, மீண்டும் நிறுங்கள். 115 கிராம் 100 ஆனால் ஈரம் 15 சதவீதம். மீற்றர் வாங்கத் தேவையில்லை. ஒட்டுவதற்கு சனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் பசையும் சுணங்கும், மனமும் சுணங்கும்.

#10 மரத்தூள்

மட்டப்பலகை சொன்னதை மனசில வைச்சு வடிவத்துக்கு வாறன். சீவுற மெஷின் இல்லாத ஆள் 24 அங்குல மேல்பலகையை ஒரே துண்டா ஒட்டினால், பிறகு அதைக் கையால மட்டமாக்கேக்க அழுதுபோடுவார். இரண்டு பாதியாச் செய்யுங்கோ. ஒவ்வொண்டும் 11 அங்குல அகலம், 6 அடி நீளம், 3 அங்குலத் தடிப்பு. நடுவில ஒண்டரை அங்குல இடைவெளி. ரப்பரில ஒரு பாதி 25 கிலோ வரும், ஒரு ஆள் தோளில போடலாம். வாடகை வீட்டுப் பிரச்சினையில பாதி அதோட தீரும். ஊதிறதுக்கும் இடைவெளி இருக்கு. அதுக்குள்ளால கிளாம்ப் விடலாம், ஒரு சட்டத்தைச் செருகினால் குறுக்கு முட்டாகவும் நிக்கும்.

2 அங்குலப் பலகையை மூண்டேகால் அங்குலக் கீற்றா அறுத்து, முகத்தோட முகம் ஒட்ட வேணும். ஒட்ட முதல் ஒவ்வொரு கீற்றிலயும் நார் எந்தப் பக்கம் ஏறுது எண்டு பென்சிலால அம்பு போட்டு, எல்லா அம்பும் ஒரே பக்கம் பார்க்க அடுக்குங்கோ. இதை விட்டால் மேல்பலகை சீவேக்க ஒரு கீற்று வழுவழுப்பா வரும், பக்கத்துக் கீற்று பிய்ச்சுக்கொண்டு வரும், திசை மாத்திச் சீவினால் மற்றது பிய்யும். இரண்டிரண்டா ஒட்டி, ஒட்டின முகத்தைச் சீவி, பிறகு சேருங்கோ. கிளாம்ப் காணாட்டில் தரையில இரண்டு தடிச்ச சட்டத்தைப் பூட்டி நடுவில சோடி ஆப்பு அடியுங்கோ. பி.வி.ஏ. வெள்ளைப் பசை காணும்.

மேல்பலகையைச் சட்டகத்தோட ஒட்ட வேண்டாம். ஒவ்வொரு பாதிக்கும் முன்பக்கத்தில இறுக்கமான மர ஆணி, பின்பக்கத்தில நீளத் துளையில போல்ட். ஊதினாலும் முன் விளிம்பு காலோட ஒரே தளத்தில நிக்கும், அசைவெல்லாம் பின்னுக்கு, நடு இடைவெளிக்குள்ள போகும்.

#11 சுருள்

மெஷின் இல்லாத ஒருவரை ஒரு டசின் கீற்று சீவி ஒட்டச் சொல்கிறீர்களே அண்ணா. ஆங்கிலேயரின் பக்கப்பலகை வாங்கை ஏன் ஒருவரும் சொல்லவில்லை? நிக்கல்சன் வாங்கு என்பார்கள். மேல்பலகை 2 அங்குலம் போதும். முன்னும் பின்னும் 10, 12 அங்குல அகலப் பலகையை நிறுத்தி வைத்து அடிப்பதால் பெட்டிபோல விறைப்பாகிவிடும். முன்பலகையில் துளை வரிசை போட்டால் நீளப் பலகையைக் குச்சி செருகித் தாங்கலாம். ஒட்டுவேலை குறைவு. பைனிலேயே செய்யலாம். ஒரு சனி ஞாயிறு போதாது, ஆனால் மாதக்கணக்காகவும் இழுக்காது.

நான் இருப்பது பம்பலப்பிட்டியில் அடுக்குமாடி, ஐந்தாம் மாடி. எனக்குச் சட்டகமே சரிவராது. தடித்த பலகையில் இரண்டு திருகு போட்ட மொக்சன் வைஸ் ஒன்றை மேசைமேல் பூட்டித்தான் பெட்டி வேலை செய்கிறேன். புறாவால் மூட்டு அறுக்க அது வாங்கைவிட வசதி, ஏனென்றால் வேலை நெஞ்சுக்குக் கிட்ட வருகிறது. கீழ்வீட்டுக்காரருக்காக மேசைக் காலுக்குக் கீழே தடித்த ரப்பர். இரவு எட்டு மணிக்கு மேல் கொட்டாப்புளியைத் தொடுவதில்லை, வாளும் சீவுளியும் மட்டும்.

#12 மரத்தூள்

நிக்கல்சன் நல்ல வாங்குதான் தங்கச்சி, மறுக்கேல்லை. ஆனால் பக்கப்பலகை மறிக்கிறதால விளிம்பில கிளாம்ப் போட ஏலாது. ஒரு அலுமாரிப் பெட்டியை மேல வைச்சு நாலு பக்கமும் கிளாம்ப் போடப் பாருங்கோ, அப்ப தெரியும். 2 அங்குலத்தில ஹோல்ட்ஃபாஸ்ட்டும் நோஞ்சானாத்தான் பிடிக்கும், துளைக்குக் கீழ இன்னொரு பலகை ஒட்ட வேண்டி வரும்.

#13 சுருள்

துளைக்குக் கீழே ஒரு பலகை ஒட்டுவது, ஒரு டசின் கீற்று ஒட்டுவதைவிடச் சுலபம். அலுமாரி செய்கிறவருக்கு நீங்கள் சொல்வது சரி. கதவு, யன்னல், புத்தக இறாக்கை என்றால் நான் சொல்வதும் சரி. கடலோர வாள் என்ன செய்யப் போகிறார் என்று இன்னும் ஒருவரும் கேட்கவில்லை.

#14 கடலோர வாள்

மன்னிக்கோணும், அதை முதலே எழுதியிருக்கலாம். கதிரை, சின்ன மேசை, சாமி அறைக்கு ஒரு மாடம். பிறகு அலுமாரி ஆசை இருக்கு.

#15 ஆணி நானா

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். பழைய சோனகத் தெருவுல எங்கட ஹார்ட்வெயார் கடை ஈக்கிது. வைஸ் பத்தி ஒருத்தரும் கதைக்கல்ல, அதுனால வந்தேன்.

இரும்பு வைஸ் ரெண்டு ஜாதி ஈக்கிது. ஒண்டு மெக்கானிக் மார் பாவிக்கிற வைஸ், மேசைக்கு மேல நிக்கிற. அத மரவேலைக்கு வாங்காதீங்க, பல்லு மரத்தக் கடிச்சிப் போடும், தள்ளுற வழியில மறிச்சிக்கிட்டும் நிக்கும். மத்தது தச்சு வைஸ், பலகைக்குக் கீழ பூட்டுற. 7 அங்குலம், 9 அங்குலம் வரும். நல்ல சாமான், ஆனா வெலை கூட.

காசு மிச்சம் புடிக்கணும் எண்டா கால் வைஸ் செய்யுங்க. மரம் உங்கடது, திருகு மட்டும் வாங்குங்க. கொங்கிறீற் சிலப் அடிக்கிற நேரம் முட்டுக் குடுக்கிற ஸ்கஃபோல்டிங் ஜக் தெரியும்தானே? அந்தத் திருகு தடிப்பு, புரி பெருசு, வார்ப்பு நட்டோட வரும். பழையது பஞ்சிகாவத்தைப் பக்கம் பழைய இரும்புக் கடையில தேடலாம். வளைஞ்சிருக்கா பாத்துக்கங்க, நட்ட முழு நீளத்துக்கும் ஓட்டிப் பாத்துட்டு வாங்குங்க. கிரீஸ் பூசாம வெச்சா உங்கட பக்கத்து உப்புக் காத்துல துருப் புடிச்சி நட்டு நிண்டு போகும்.

#16 மட்டப்பலகை

கால் வைஸ் செய்வதானால் ஒரு விடயம். வைஸின் முன்கட்டை நெம்புகோல். மேலே தாடை, நடுவில் திருகு, கீழே வழிகாட்டிச் சட்டம். அந்தச் சட்டத்தில் துளை வரிசை போட்டு, பலகையின் தடிப்புக்கு ஏற்ப ஊசியை மாற்றிச் செருகுவோம். தாடையிலிருந்து 10 அங்குலம் கீழே திருகு, 24 அங்குலம் கீழே ஊசி என்றால் திருகில் கொடுக்கும் விசையில் 24 இல் 14 பங்கு, அதாவது 58 சதவீதம் தாடைக்கு வரும். ஊசியை 18 அங்குலத்துக்கு உயர்த்தினால் 18 இல் 8, வெறும் 44 சதவீதம். ஆகவே வழிகாட்டிச் சட்டத்தைத் தரைக்கு எவ்வளவு கிட்ட வைக்கலாமோ அவ்வளவு கிட்ட வையுங்கள். திருகை மிக மேலே ஏற்றினாலும் அகலப் பலகையை நிறுத்த இடம் போய்விடும், 8 முதல் 10 அங்குலம் சரி.

#17 கொட்டாஞ்சேனைக்காரன்

அப்பாகிட்ட இந்த இழையப் படிச்சுக் காட்டினேன். சட்டகத்த எப்பிடிப் பூட்டப் போறாங்கன்னு கேட்டாரு. கால்ல துளை, சட்டத்துல நாக்கு. பசை போட்டாலும் சரி போடாட்டியும் சரி, நாக்குல போடுற ஆணித் துளைய கால்ல இருக்குற துளைக்கு நேரா போடக் கூடாதாம். நாக்கு தொடங்குற படிய தோள்னு சொல்வாங்க, அந்தத் தோள் பக்கமா 2 மில்லிமீற்றர் தள்ளிப் போடணும். ஆணி அடிக்கும்போது அது நாக்க உள்ள இழுத்து, தோள் கால்ல போயி ஒட்டிக்கும். கிளாம்பே வேணாம். ஆணிக் கட்டைய வாளால அறுக்கக் கூடாது, நார் வழியாப் பிளக்கணும், நுனிய நல்லாக் கூராக்கணும். அறுத்த ஆணில நார் குறுக்க வெட்டுப்பட்டிருக்கும், வளையும்போது உடைஞ்சிரும். மரம் பாலை, இல்லாட்டி முதிரை.

வீடு மாத்துறவங்களுக்கு அவர் சொல்றது: ரெண்டு பக்கச் சட்டகத்த மட்டும் இப்பிடி நிரந்தரமா ஆணி அடிங்க. முன்னும் பின்னும் போற நீளச் சட்டத்துல நாக்க வெளிய நீட்டி ஆப்பு அடிங்க. மாறும்போது ஆப்பத் தட்டி எடுத்தா நாலு துண்டாக் கழண்டிரும். முன்பக்கம் நாக்கு கால் முகத்த விட்டு வெளிய நீட்டாதபடி பாத்துக்கங்க, மரத்தூள் அண்ணன் சொன்ன ஒரே தளம் கெட்டுப் போகும்.

#18 மரத்தூள்

தரையில இருந்து வேலை செய்த ஆள்தான் இந்த இழையில சட்டகத்தின்ர மூட்டைப் பற்றி முதல்ல கதைச்சிருக்கிறார். அப்பாவுக்கு வணக்கம் சொல்லுங்கோ.

மட்டமாக்கிறதுக்கு ஒரு வழி: இரண்டு நேரான சட்டத்தை இரண்டு அந்தத்திலயும் குறுக்க வைச்சுக் கண்ணை மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கோ. ஒண்டு மற்றதுக்குச் சரிஞ்சு தெரிஞ்சால் பலகை முறுக்கியிருக்கு. உயர்ந்த மூலைகளை முதல்ல எடுத்து, குறுக்க மூலைவிட்டமாச் சீவி, கடைசியா நீளத்துக்கு. கண்ணாடி மாதிரி வழுக்க விட வேண்டாம், பல்லு வைச்ச அலகு இருந்தால் ஒருக்கால் ஓட்டிச் சொரசொரப்பாக்குங்கோ. வார்னிஷ் பக்கமே போகாதேங்கோ, பலகை வழுக்கும்.

#19 சுருள்

வார்னிஷுக்குப் பதிலாக ஆளிவிதை எண்ணெய் என்று சொல்ல வருவீர்கள் என்று நினைக்கிறேன். பச்சை எண்ணெய் வேண்டாம், இங்குள்ள ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கும். கொதிக்க வைத்தது என்று விற்பதை மிக மெல்லிசாகப் பூசி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளப்பும், குவிந்து கிடந்தால் தானாகவே தீப்பிடிக்கும். மரத்தூள் நிறைந்த கராஜில் இதைச் சொல்லாமல் விட முடியாது. துணியை விரித்து வெளியில் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊற வையுங்கள்.

#20 கடலோர வாள்

எல்லாருக்கும் நன்றி. முடிவு இதுதான். ரப்பர், போரோன் ஏத்தினது. மேல்பலகை இரண்டு பாதி, 3 அங்குலம். அலுமாரி ஆசைக்காக மரத்தூள் அண்ணையின்ர பக்கம் சாய்ஞ்சிட்டன், சுருள் அக்கா கோவிக்க வேண்டாம், மொக்சன் வைஸ் அடுத்தது அதுதான். கால் வைஸுக்கு ஸ்கஃபோல்டிங் திருகு, சட்டகம் கொட்டாஞ்சேனை முறை. மில் அண்ணையிட்ட சனிக்கிழமை வாறன், பட்டா லொறியில ஏத்தலாமோ?

நானா, ஹோல்ட்ஃபாஸ்ட் ஆயத்தமா வாங்கிறது சரியான விலை. கம்மாலையில அடிப்பிக்க ஏலுமோ? என்ன கம்பி?

#21 மொறட்டுவ மில்

6 அடி நீளத்துல வெட்டித் தந்தா பட்டாவுல தாராளமா ஏறும். கொஞ்சம் கூடவே நீளம் விட்டு வெட்டச் சொல்லுங்க, அந்தம் எப்பவும் வெடிச்சிருக்கும். மேல தார்ப்பாய் போட மறக்காதீங்க. பில்லை டிரைவர் கையில குடுங்க.

#22 ஆணி நானா

அடிப்பிக்கலாம். உருட்டுக் கம்பி எடுங்க, மைல்ட் ஸ்டீல், 18 மில்லிமீற்றருக்கு மேல போகக் கூடாது, துளை முக்கால் அங்குலம். கொங்கிறீற்றுக்குப் போடுற வரிக் கம்பி வேணாம், அந்த வரி துளையத் திண்டிடும். கம்பி துளைக்குள்ள லூசா ஈக்கணும், சரிஞ்சி இறுகித்தான் புடிக்கும், இறுக்கமாப் போட்டா புடிக்கவே புடிக்காது. நீளம் 2 அடி வெட்டித் தாறேன், மேல 7, 8 அங்குலம் வளைச்சி நுனியத் தட்டையா அடிக்கச் சொல்லுங்க. வழுக்கினா தண்ட எமரிக் கடதாசியால குறுக்க உரசிப் பாருங்க. வெள்ளிக்கிழமை பகல் தொழுகைக்குக் கடை பூட்டு, ரெண்டரைக்குப் பொறகு வாங்க.